கெண்டைக்காலுக்குச் சுவரா, இயந்திரமா?

சென்ற வருடம் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஒன்பது நாட்கள் இருந்தன. மாலைப் பயிற்சியில் அஞ்சல் ஓட்டக் கோலை வாங்கிக்கொண்டு பாய்ந்த ஒரு மாணவி, நாலாவது எட்டிலேயே இடது காலைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். "பின்னால யாரோ கல்லால எறிஞ்ச மாதிரி இருந்திச்சு ரீச்சர்" என்றாள். பின்னால் ஒருவரும் இல்லை. கெண்டைத் தசையில் சில நார்கள் அறுந்தால் இப்படித்தான் இருக்கும். இந்தக் காயம் பட்ட பலரும் ஏறத்தாழ இதே வார்த்தைகளைத்தான் சொல்வார்கள்.

ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்து, "ஓய்வாக இரு" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினேன். வீட்டில் கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்திருந்த மாமா ஒரு மசாஜ் கன் கொண்டுவந்திருந்தார். துப்பாக்கிப் பிடியும் முனையில் ஒரு பந்தும் உள்ள அந்த அதிர்வுக் கருவியை இப்போது நம் ஊரில் பல வீடுகளில் காணலாம். பிள்ளையின் வலியைப் போக்கவேண்டும் என்ற பாசத்தில் அதை வலித்த இடத்திலேயே வைத்து இருபது நிமிடம் அதிரவிட்டிருக்கிறார்கள். மறுநாள் காலையில் கெண்டைக்கால் வீங்கி, நீலம் பாய்ந்து, கணுக்கால் வரை இறங்கியிருந்தது. போட்டி நாளில் அந்தப் பிள்ளை இல்லக் கூடாரத்தில் இருந்து கைதட்டினாள்.

வீட்டாரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஓய்வெடுக்கச் சொன்ன நான், எதைச் செய்யக் கூடாது என்று சொல்லவில்லை. பின்னர் பெற்றோர் கூட்டமொன்றில் இரண்டு தாய்மார் என்னிடம் கேட்டார்கள்: "அந்த மெசின் நல்லதா ரீச்சர், இல்லாட்டி சும்மா எக்ஸசைஸ் செஞ்சாப் போதுமா?" அன்று அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே ஒழுங்காகச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் அந்தத் தசையைப் பார்ப்போம். முழங்காலுக்குப் பின்னால் கீழே புடைத்து நிற்கும் சதை உண்மையில் ஒன்றல்ல, இரண்டு. மேலே தெரியும் இரட்டைத் தலைத் தசை முழங்காலுக்கு மேலே, தொடை எலும்பின் அடியில் தொடங்குகிறது. வைத்தியர்கள் அதை கஸ்ட்ரொக்னீமியஸ் என்பார்கள். கிரேக்க மொழியில் அது 'காலின் வயிறு' என்று பொருள்படும். அதற்கு அடியில் சப்பையாக மறைந்திருப்பது சோலியஸ். இது முழங்காலுக்குக் கீழே, கீழ்க்கால் எலும்புகளிலேயே தொடங்குகிறது. இரண்டும் சேர்ந்து ஒரு தடித்த நாணாகி, குதிகால் எலும்பின் பின்புறத்தில் போய்ப் பொருந்துகின்றன. சோலியஸ் என்ற பெயர் செருப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதே சொல்லால் கடலடியில் ஒட்டிக் கிடக்கும் தட்டையான நாக்குமீனையும் அழைத்தார்கள். நம்முடைய 'கெண்டை'யும் ஒரு மீன்தான். வாவிக்கரையில் இருக்கும் நமக்கு இந்த ஒற்றுமை பிடித்துப்போகும் என்பதால் சொன்னேன்.

இரண்டு தசைகளும் வெவ்வேறு இடத்தில் தொடங்குவதைச் சும்மா ஒரு பாடக்குறிப்பாக விட்டுவிடாதீர்கள். பயிற்சியில் பாதிப்பேர் பிழை விடுவது இதனால்தான். முழங்கால் நேராக இருக்கும்போது மேல் தசை இழுபடும். முழங்காலை மடக்கினால் மேல் தசை தளர்ந்துவிட, அடித்தசை இழுபடும். ஒரு விதமாக மட்டும் நீட்டுபவர் ஒரு தசையை மட்டுமே நீட்டுகிறார்.

கெண்டைக்கால் இறுகினால் என்ன குறைந்துபோகும்? நடக்கும்போது பாதம் தரையில் ஊன்றியிருக்க, கீழ்க்கால் அதன்மேல் முன்னோக்கிச் சாயவேண்டும். அந்தச் சாய்வுக்குக் கெண்டைக்கால் இடம் கொடுக்காவிட்டால் குதிகால் நேரத்தோடு தூக்கிக்கொள்ளும், அல்லது பாதம் உள்பக்கமாகச் சரியும். குந்தியிருந்தால் குதி தரையில் படாது. வலைப்பந்தாட்டத்தில் பந்தைப் பிடித்து இறங்கியதும் நின்றுவிடவேண்டும் என்பது விதி. அந்தத் திடீர் நிறுத்தத்தின் பாரம் முதலில் கணுக்காலுக்கும் கெண்டைக்காலுக்கும்தான் வருகிறது. சுஜூதிலிருந்து எழுந்து நிலைக்கு வரும்போது பாதத்தை ஊன்றி உடலை முன்னால் சாய்க்கிறோமே, அங்கேயும் இதே மடிப்புத்தான் வேண்டும்.

நம் உம்மம்மாமாருக்கு இதைப் பற்றி எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்கள் குந்தியிருந்து சமைத்தார்கள், அம்மி அரைத்தார்கள், பாய் இழைத்தார்கள். காத்தான்குடியிலும் மருதமுனையிலும் கைத்தறியில் இருந்தவர்கள் நாள் முழுக்க மிதியை மிதித்தார்கள். வாவியில் தோணியின் மேல் நின்று வலை வீசுபவருக்கு ஆடும் பலகையில் நிலைகொடுப்பது பெரும்பாலும் அந்த மறைந்திருக்கும் அடித்தசைதான். இன்றைய பிள்ளை காலை ஏழரையிலிருந்து கதிரையில். பின்னேரம் ரியூஷனிலும் கதிரை, இரவு படிப்பு மேசையிலும் கதிரை. கதிரையில் காலைப் பின்னால் இழுத்து முன்பாதத்தில் ஊன்றி உட்காரும் பழக்கம் பலருக்கு உண்டு. குதி உயர்ந்த செருப்பும் சேர்ந்தால் தசை குறுகிய நிலையிலேயே பழகிவிடுகிறது. இப்படிப்பட்ட காலோடு திடீரென்று ஜனவரியில் எழுவான்கரை மணலில் இறக்கி ஓடச் சொல்கிறோம். மணலில் நடப்பதற்கே கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும் என்று அளந்திருக்கிறார்கள். குதி புதைய, கெண்டைக்காலுக்குத்தான் வேலை கூடுகிறது.

உங்கள் கால் எப்படி என்று இன்றைக்கே அறியலாம். ஓர் அடிமட்டமும் சுவரும் போதும். சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்து நில்லுங்கள். ஒரு பாதத்தை நேராகச் சுவரை நோக்கி வைத்து, குதியைத் தூக்காமல் முழங்காலை மடக்கிச் சுவரில் முட்டுங்கள். முட்டினால் பாதத்தைக் கொஞ்சம் பின்னால் எடுத்து மறுபடி. குதி தூக்காமல் முட்டக்கூடிய கடைசி இடத்தில் பெருவிரல் நுனியிலிருந்து சுவருக்கு உள்ள தூரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பத்து சென்ரிமீற்றர் அளவில் வந்தால் போதுமான இளக்கம் என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு சென்ரிமீற்றரும் கணுக்காலில் ஏறத்தாழ 3.6 பாகைக்குச் சமன். ஒரு காலுக்கும் மற்றக் காலுக்கும் இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதைக் கவனியுங்கள். முழங்கால் மடங்கிய நிலையில் செய்வதால் இது முக்கியமாக அடித்தசையையும் கணுக்கால் மூட்டையும்தான் சோதிக்கிறது என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

இனி நீட்டல் பயிற்சி. சுவரில் இரு கைகளையும் ஊன்றி, ஒரு காலை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் வையுங்கள். பின்காலின் முழங்கால் நேராக, குதி தரையில், விரல்கள் சுவரை நேரே பார்த்தபடி இருக்கட்டும். விரல்களை வெளியே திருப்பினால் இழுப்பு தப்பிவிடும். எல்லோரும் செய்யும் களவு அதுதான். இடுப்பை முன்னால் கொண்டுபோங்கள். இழுப்புத் தெரியவேண்டும், வலிக்கக் கூடாது. முப்பது செக்கன் அப்படியே நில்லுங்கள், ஆட்டவேண்டாம். பிறகு அதே இடத்தில் பின்முழங்காலைச் சற்று மடக்கி, குதி எழும்பாமல் இன்னொரு முப்பது செக்கன். இப்போது இழுப்பு கீழே, குதிநாணுக்குக் கிட்டத் தெரியும். இரண்டு கால்களுக்கும் இரண்டு தடவை செய்ய நாலைந்து நிமிடம் ஆகும். மைதானம் வேண்டாம், விசேட உடுப்பு வேண்டாம். அறையின் கதவைச் சாத்திக்கொண்டு எந்த உடையிலும் செய்யலாம். நிற்க முடியாதவர்கள் கட்டிலில் காலை நீட்டி இருந்து, முன்பாதத்தில் ஒரு துவாயைப் போட்டு இரு கைகளாலும் தம் பக்கம் இழுத்தால் போதும்.

ஏன் முப்பது செக்கன்? 1997இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தொடையின் பின்தசையை நாளுக்கொரு தடவை முப்பது செக்கன் நீட்டியவர்களையும் ஒரு நிமிடம் நீட்டியவர்களையும் ஆறு வாரங்களின் பின் ஒப்பிட்டார்கள். பலனில் வித்தியாசம் இருக்கவில்லை. கெண்டைத் தசைக்கென்றே 2006இல் ஐந்து ஆய்வுகளைச் சேர்த்துக் கணித்தபோது, நீட்டல் பயிற்சியால் கணுக்கால் கூடுதலாக மடங்கிய அளவு இரண்டு முதல் மூன்று பாகை. இவ்வளவுதானா என்று தோன்றும். சுவர்க் கணக்கில் அது ஒரு சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் குந்தும்போது குதி தரையைத் தொடாமல் தொங்கும் தூரமும் பல பிள்ளைகளுக்கு அவ்வளவுதான்.

இந்த இளக்கம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் எனக்கே ஆச்சரியம். இறப்பர் பட்டியை இழுத்து நீளமாக்குவதுபோலத் தசை நீளுகிறது என்றுதான் நான் படித்த காலத்தில் சொல்லித்தந்தார்கள். 2010இல் அமெரிக்க இயன்மருத்துவ ஆய்விதழொன்றில் வந்த கட்டுரை இதைக் கேள்விக்குள்ளாக்கியது. சில வாரங்கள் செய்யும் நீட்டலில் கிடைக்கும் பலனின் பெரும்பகுதி, தசை நீண்டதால் அல்ல, இழுப்பைப் பொறுத்துக்கொள்ளும் எல்லை உயர்ந்ததால் வருகிறது என்பது அதன் வாதம். முன்பு 'போதும், நிறுத்து' என்று நரம்புகள் எச்சரித்த இடத்தில் இப்போது அவை எச்சரிப்பதில்லை. அப்படியானால் பலாத்காரமாக இழுப்பதால் ஒரு பிரயோசனமும் இல்லை. மெதுவாக, தினமும் பழக்கவேண்டும்.

இயந்திரத்துக்கு வருவோம். அதிர்வினால் உடலைச் சீராக்கும் எண்ணம் புதிதல்ல. சுவீடனின் ஸ்ரொக்ஹோம் நகரில் 1865இல் கஸ்ராவ் சாண்டர் என்ற வைத்தியர் உடற்பயிற்சி இயந்திரங்களுக்கென ஒரு நிலையமே தொடங்கினார். அதிர்வு தரும் இயந்திரங்களும் அவரது கண்டுபிடிப்புகளில் அடக்கம். இன்றைய மசாஜ் கன் அதன் கைக்கடக்கமான பேரப்பிள்ளை.

அது வேலை செய்கிறதா? செய்கிறது. 2020இல் ஒஸ்ரியாவின் கிராஸ் நகர ஆய்வாளர்கள், பொழுதுபோக்காக விளையாடும் 16 ஆண்களின் கெண்டைக்காலில் ஐந்து நிமிடம் அதிர்வுக் கருவியைப் பிடித்தார்கள். முனை செக்கனுக்கு ஐம்பது தடவைக்கு மேல் அடித்தது. உடனே அளந்தபோது கணுக்கால் 5.4 பாகை கூடுதலாக மடங்கியது. காலின் உந்துபலம் குறையவில்லை. நீட்டல் ஆய்வுகளின் இரண்டு, மூன்று பாகைக்குப் பக்கத்தில் வைத்தால் இயந்திரம் வென்றதுபோலத் தோன்றும். கடைக்காரரும் அப்படித்தான் சொல்வார். ஆனால் கிராஸில் அளந்தது கருவியை எடுத்த உடனே. மறுநாள் காலை அல்ல. நீட்டல் கணக்கோ நாட்கணக்கில், வாரக்கணக்கில் செய்ததன் பின் மிஞ்சியது. ஒருவர் இன்று கடன் வாங்கிய தொகையையும் இன்னொருவர் சீட்டுக் கட்டிச் சேர்த்ததையும் ஒப்பிடுவதுபோல இது. ஒரே ஒரு தடவை நீட்டினாலும் உடனடி இளக்கம் கிடைக்கும். அதுவும் அரை மணித்தியாலத்துக்குள் பெரும்பாலும் போய்விடும். இன்னொன்று, அந்த 16 பேரில் பாடசாலைப் பிள்ளையோ பெண்ணோ இல்லை.

அதிர்வு செய்வதும் பெரும்பாலும் அதே நரம்பு வேலைதான். வலிச் செய்தி மந்தமாகிறது, தோலும் தசையும் சூடாகின்றன, இழுப்பைப் பொறுக்கும் எல்லை சற்று உயர்கிறது. தசைநாணின் மேல் வேகமான அதிர்வை நேராகப் பிடித்தால் தசை தளராமல் தானாகவே சுருங்குவதும் உண்டு. உடற்றொழிலியல் படிப்பவர்களுக்கு இது தெரிந்த அனிச்சைச் செயல். ஆகவே கருவியைக் குதிநாணிலும் எலும்பிலும் முழங்காலின் பின்குழியிலும் வைக்கவே வேண்டாம். சதைப்பகுதியில் மட்டும், அழுத்தாமல், மெதுவாக நகர்த்துங்கள்.

ஓர் இடத்தில் இயந்திரம் நீட்டலைவிட நல்லது என்று நான் ஒப்புக்கொள்வேன். அது ஓட்டத்துக்குச் சற்று முன். 2016இல் வந்த பெரிய மீளாய்வொன்றின்படி, ஒரு தசையை ஒரு நிமிடமோ அதற்கு மேலோ அசையாமல் நீட்டிவிட்டு உடனே போட்டியில் இறங்கினால் செயற்றிறன் சராசரியாக 4.6 சதவீதம் குறைகிறது. ஒரு நிமிடத்துக்குக் குறைவென்றால் 1.1 சதவீதம்தான். நூறு மீற்றர் ஓடும் பிள்ளைக்கு முதலாவது பெரிய இழப்பு. கிராஸ் ஆய்வில் அதிர்வு அப்படிப் பலத்தைக் குறைக்கவில்லை. கருவி இல்லாதவர்கள் கவலைப்படவேண்டாம். மெதுவோட்டம், குதியைத் தூக்கி இறக்குதல், கயிறு பாய்தல் என்று பத்து நிமிடம் உடலைச் சூடாக்கினால் அதே காரியம் நடக்கும். நீண்ட நீட்டலை ஓட்டம் முடிந்த பின்போ இரவிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

தாய்மார் கேட்பது வேறு. இரவில் தூக்கத்தில் கெண்டை இழுத்துப் பிடித்து அலறி எழும்புவது. அந்த நேரம் செய்யவேண்டியது முன்பாதத்தைத் தம் பக்கம் மடக்குவது, அல்லது எழுந்து குதியை ஊன்றி நிற்பது. வராமல் தடுக்க நீட்டல் உதவுமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. நெதர்லாந்தில் 55 வயதுக்கு மேற்பட்ட 80 பேர் ஆறு வாரங்கள் கலந்துகொண்ட ஆய்வில், படுக்குமுன் நீட்டியவர்களுக்கு இழுப்பு குறைந்தது. 2005இல் வந்த பிரித்தானிய ஆய்வில் பலன் தெரியவில்லை. செலவும் தீங்கும் இல்லாத காரியம் என்பதால் என் சொந்த உம்மாவுக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

எட்டு முதல் பதினாலு வயதுப் பிள்ளை ஓடியாடிவிட்டு வந்து குதியின் பின்புறம் வலிக்கிறது என்றால், அது பெரும்பாலும் குதி எலும்பின் வளரும் பகுதியை இறுகிய கெண்டைக்கால் இழுப்பதால் வருவது. ஓட்டத்தைக் குறைத்து, மெதுவாக நீட்டினால் காலப்போக்கில் மாறும். அதன்மேல் இயந்திரத்தை வைக்காதீர்கள்.

எந்தக் காலில் இயந்திரம் படவே கூடாது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

என் அயலில் ஓர் இளம் தாய். சத்திரசிகிச்சை மூலம் குழந்தை கிடைத்துப் பதினைந்து, பதினாறு நாள் இருக்கும். நாற்பது முடியாததால் நடமாட்டம் குறைவு. ஒரு கெண்டைக்கால் மட்டும் கனத்து வலித்தது. 'படுத்தே கிடந்ததால் நரம்பு பிரண்டிருக்கும்' என்று வீட்டுப் பெரியவர்கள் இரண்டு நாள் எண்ணெய் போட்டு உருவினார்கள். மூன்றாம் நாள் வீட்டுத் தரிசிப்புக்கு வந்த மிட்வைப் மிஸ், குழந்தையை நிறுப்பதற்கு முன்பே தாயின் காலைப் பார்த்துவிட்டு, "கை வைக்காதீங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார். உள்நாளத்தில் இரத்தம் கட்டியிருந்தது. அந்தக் கட்டியிலிருந்து ஒரு துண்டு கழன்று சுவாசப்பைக்குப் போயிருந்தால் அந்தக் குழந்தை இன்று உம்மா இல்லாத பிள்ளை. ஊசியும் மருந்துமாகச் சில மாதங்களில் அவர் சுகமானார்.

பிள்ளை பெற்ற பின் வரும் ஆறு வாரங்கள் இரத்தக்கட்டுக்கு மிகவும் ஆபத்தான காலம். அது ஏறக்குறைய நம் நாற்பது நாள்தான். காலில் பத்துப் போட்டிருப்பவர்கள், சத்திரசிகிச்சைக்குப் பின் படுக்கையில் இருப்பவர்கள், உம்றாவுக்கோ கட்டாருக்கோ பல மணித்தியாலம் விமானத்தில் இருந்து வந்தவர்கள் ஆகியோருக்கும் இந்தப் பயம் உண்டு. ஒரு கால் மட்டும் வீங்குவது, தொட்டால் சுடுவது, நிறம் மாறுவது, ஓட்டமோ அடியோ இல்லாமல் வலி தொடர்வது இவைதான் அடையாளம். அந்தக் காலில் கையும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. படுக்கையில் இருக்கும் தாய் மற்றபடி சுகமாக இருக்கையில் கணுக்காலை மேலும் கீழும் அடிக்கடி அசைப்பதும், வைத்தியர் அனுமதித்த அளவு வீட்டுக்குள் நடப்பதும் நல்லது.

சீனி வருத்தம் உள்ளவர்களின் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். இயந்திரம் தோலைக் கன்றவைத்தாலும் தெரியாது. அவர்களுக்குக் கெண்டைக்கால் இறுகினால் முன்பாதத்தில் அழுத்தம் கூடிப் புண் வரும் வாய்ப்பும் அதிகம் என்பதால் இளக்கம் மிகவும் தேவை. ஆனால் சுவரோடு, கால் தேயாத செருப்போடு, வைத்தியசாலையின் இயன்மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், நரம்பு புடைத்த கால் உள்ளவர்களும் கருவியைத் தள்ளி வைப்பதே சரி. புதிதாகப் பட்ட காயத்தைப் பற்றி ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன்.

அந்த மாணவிக்கு வலியில்லாமல் நடக்க மூன்று வாரம் ஆனது. அதன் பின் இயன்மருத்துவர் சொன்னபடி நீட்டலைத் தொடங்கினாள். முதல் நாள் சுவரில் அளந்தபோது வலது கால் எட்டரை, இடது கால் நாலு. அந்தக் கால் முன்பே இறுகியிருந்ததா, காயத்தால் இறுகியதா என்று சொல்ல எங்களிடம் பழைய அளவு இல்லை. இவ்வருடம் முதலாம் தவணையில் எல்லா இல்லங்களின் ஓட்டப் பிள்ளைகளுக்கும் பயிற்சிக்கு முன்பே அளந்து எழுதிவைத்ததற்குக் காரணம் அதுதான். ஐந்து மாதத்துக்குப் பின் ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அறைச் சுவரில் பென்சிலால் போட்ட கோடுகளைக் காட்டினாள். இடது காலுக்குக் கடைசியாக ஏழரை என்று இருந்தது. அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில், 'உம்மா – 6'.